பெட்டி முதலில் கரையோடு பேச வேண்டும்

வடசென்னையில் எண்ணூர் ஆற்றுக்குள் தண்ணீரை அளப்பதற்காக நாங்கள் நட்டு வைத்திருக்கும் கருவிகள் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்புகின்றன என்று சொன்னால், பலரும் உடனே கேட்பது இதுதான்: "இங்க நின்னுக்கிட்டு வீடியோ கால் பேசலாமே, இதுக்கு எதுக்கு சாட்டிலைட்?"

நியாயமான கேள்வி. திருவொற்றியூரிலிருந்து அத்திப்பட்டு வரைக்கும் செல்போன் கோபுரத்துக்குக் குறைவில்லை. ஆனால் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஊரை மூழ்கடித்தபோதும் வடசென்னையில் இருந்தவர்களுக்குத் தெரியும், செல்போன் எவ்வளவு சீக்கிரம் ஊமையாகிப் போனது என்று. முதலில் மின்சாரம் போகும். அப்புறம் கோபுரத்தின் பேட்டரி தீரும். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வேண்டிய வண்டி இடுப்பளவு தண்ணீரில் வர முடியாது. அந்த இரண்டு மூன்று நாளில்தான் பூண்டி ஏரியில் திறந்துவிட்ட தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி எண்ணூர் வழியாகக் கடலுக்குப் போகும். வருடம் முழுக்க அளந்துவிட்டு அந்த நாட்களில் கருவி பேசாமல் போனால், மிச்ச நாட்களின் கணக்கை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. செயற்கைக்கோள் இணைப்பு எங்களுக்குத் தேவைப்பட்டது அந்தச் சில நாட்களுக்காகத்தான்.

நான் மணலியில் தொழிற்சாலைகளில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன். பாய்லர் அழுத்தம், குழாயில் ஓடும் அளவு, தொட்டி மட்டம் என்று இரும்புக்குள் இருப்பதை அளந்தே பழகிய கை. இப்போது ஒரு கல்லூரியின் நீர்நிலை ஆய்வுக் குழுவோடு சேர்ந்து ஆற்றை அளக்கிறேன். இதுபோன்ற வேலையில் இறங்க நினைக்கும் மாணவர்களும் ஊர் இளைஞர்களும் அடிக்கடி வந்து விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: கருவி வானத்தோடு பேசுவதற்கு முன்னால் கரையில் இருப்பவரோடு பேச வேண்டும். அது நடக்காத இடத்தில் செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் மோடம் எவ்வளவு நல்லதாக வைத்தாலும் அந்தப் பெட்டி நிலைப்பதில்லை.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கருவித் தொகுதி, பக்கிங்காம் கால்வாய் ஆற்றோடு சேரும் இடத்தில் ஒன்று, அலையாத்தி (மாங்குரோவ்) புதர்களுக்கு நடுவே ஒன்று, மேலே ஆற்றுப் பக்கம் ஒன்று, பழவேற்காடு ஏரியில் தனியாக ஒன்று. ஒவ்வொன்றிலும் நீர்மட்டம், வெப்பநிலை, உப்புத்தன்மைக்காக மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல் ஆகியவற்றை அளக்கும் உணரிகள். எண்ணூரில் உள்ள தொகுதிகள் லோரா என்ற குறைந்த மின்சார ரேடியோ மூலம் கரையில் இருக்கும் ஒரு மையப் பெட்டிக்கு அனுப்பும். லோராவுக்கு இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். தண்ணீருக்கு மேலே தடையில்லாத பார்வை இருந்தால் சில கிலோமீட்டர் சிரமமில்லாமல் போகும். மையப் பெட்டியில் செல்போன் மோடம், செயற்கைக்கோள் மோடம் இரண்டும் உண்டு. சாதாரண நாளில் செல்போன் வழி. அது பதில் சொல்லாவிட்டால் மேலே. பழவேற்காட்டுத் தொகுதி மட்டும் எப்போதும் மேலே பார்த்தே பேசும்.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். "சாட்டிலைட் கண்காணிப்பு" என்றதும் மேலிருந்து படம் எடுப்பதைத்தான் பலர் நினைக்கிறார்கள். அது வேறு வேலை. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் சுமார் 5 நாளுக்கு ஒருமுறை நம் கரையைப் படம் பிடிக்கின்றன, இலவசமாகவே கிடைக்கிறது, அலையாத்திப் பரப்பு கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க அருமையான பொருள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிக்கொண்டால் அதற்குக் கண் தெரியாது. மேகம் இல்லாத நாளிலும் தண்ணீருக்குள் ஆக்சிஜன் எவ்வளவு என்று அதனால் சொல்ல முடியாது. நாங்கள் பயன்படுத்துவது படம் எடுக்கும் செயற்கைக்கோளை அல்ல, தபால் சுமக்கும் செயற்கைக்கோளை.

அந்தத் தபாலிலும் வகை உண்டு. நம் வானிலைத் துறையின் தானியங்கி நிலையங்கள் பல இன்சாட் செயற்கைக்கோள் வழியாக அனுப்புகின்றன. அது பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும், ஆண்டெனாவை அதை நோக்கித் திருப்பி வைத்தால் போதும். இரிடியம் அமைப்பில் 66 செயற்கைக்கோள்கள் சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்று போனால் அடுத்தது வரும். ஆண்டெனா நேராக மேலே பார்த்தால் சரி, ஆனால் சுற்றிலும் வானம் திறந்திருக்க வேண்டும். 1978 முதல் இயங்கும் ஆர்கோஸ் அமைப்பு ஆமை, பறவை போன்றவற்றின் மேல் பொருத்தும் சின்னக் கருவிகளுக்குப் பெயர் பெற்றது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 1990-களிலிருந்தே வங்கக் கடலில் மிதவைகள் விட்டுச் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆக, சென்னைக்கு இது புதிய வித்தை இல்லை. கரையோரத்துச் சேற்று ஆற்றுக்குள் சின்ன அளவில் கொண்டுவருவதுதான் புதிது.

உரிமம் பற்றி அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் செயற்கைக்கோளோடு பேசும் கருவி எதுவானாலும் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். வெளிநாட்டு இணையக் கடையில் கையடக்க மோடம் கிடைக்கிறது என்று வாங்கி வந்து ஆற்றில் மாட்டினால் கருவி பறிமுதலாகும், வழக்கும் வரும். சுற்றுலா வந்தவர்களே பையில் செயற்கைக்கோள் கருவி வைத்திருந்ததற்காக விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். அதிலும் எண்ணூர் என்பது துறைமுகம், அனல்மின் நிலையம், எண்ணெய்க் கிடங்கு எல்லாம் நெருங்கி நிற்கும் இடம். எங்களுக்கு நிறுவனத்தின் பெயரில் முறையான சேவை வழங்குநர் மூலம் அனுமதி வந்தது. கருவி கட்டுவதற்கு ஆன காலத்தைவிடக் காகிதம் நகர ஆன காலம் அதிகம். தனியாளாகவோ சின்னக் குழுவாகவோ தொடங்குகிறவர்கள் முதலில் லோராவும் செல்போனும் உள்நினைவகமும் வைத்துத் தொடங்குங்கள். அனுமதி உள்ள ஒரு கல்லூரியோடோ ஆய்வு நிறுவனத்தோடோ சேர்ந்தபின் செயற்கைக்கோளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, அனுமதி வந்துவிட்டது. அடுத்தது பைட் கணக்கு, அதாவது ஒரு செய்தியில் எவ்வளவு தகவல் அடங்கும் என்ற கணக்கு. செல்போன் டேட்டாவில் பழகிய பிள்ளைகளுக்கு இது முதலில் பிடிபடாது. இரிடியத்தின் சின்ன மோடம் ஒரு செய்தியில் அதிகபட்சம் 340 பைட்தான் எடுக்கும். ஆர்கோஸில் ஒரு செய்திக்கு 32 பைட் வரைதான். "வெப்பநிலை இவ்வளவு, உப்பு இவ்வளவு" என்று எழுத்தாக அனுப்பினால் இரண்டு வரியிலேயே இடம் தீர்ந்துவிடும். நாங்கள் செய்தது இது: 31.27 டிகிரி என்பதை 3127 என்ற முழு எண்ணாக்கினால் 2 பைட் போதும். ஐந்து அளவுகள், கூடவே பேட்டரி மின்னழுத்தம், மொத்தம் ஆறு எண்கள், 12 பைட். 15 நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் 6 மணி நேரத்துக்கு 24 அளவுகள், 288 பைட். முதல் அளவின் நேரத்துக்கு 4 பைட். மிச்சம் 48 பைட் இருக்கிறதே, அதில் முந்தைய செய்தியின் கடைசி நான்கு அளவுகளை மறுபடி ஏற்றிவிட்டோம். 340 சரியாக நிரம்பியது. ஒரு நாளைக்கு நான்கே செய்தி. ஒன்று வழியில் தொலைந்தாலும் அதன் கடைசி ஒரு மணி நேரம் அடுத்ததில் வந்துவிடும். மிச்சத்தை உள்நினைவகத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உள்நினைவகத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும், அந்த வரிசை மாறக் கூடாது.

நேரத்தையும் கருவியே ஜிபிஎஸ் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். செய்தி வந்து சேர்ந்த நேரத்தை அளந்த நேரமாக எடுத்தால், புயல் நாளில் தாமதமாகவும் முன்பின் வரிசை மாறியும் வந்து சேரும் செய்திகள் ஓதத்தையே, கடல் தண்ணீர் ஏறி இறங்குவதையே, தலைகீழாக்கிவிடும்.

மின்சாரத்தில் சூரியத் தகட்டின் அளவைவிட, சூரியன் இல்லாத நாட்களுக்குப் பேட்டரி தாங்குமா என்பதுதான் கேள்வி. சராசரியாக 50 மில்லிஆம்பியர் இழுக்கும் பெட்டி ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணி தின்னும். வடகிழக்குப் பருவமழையில் பத்து நாள் வெயில் வராது என்று வைத்துக்கொண்டால் 12 வேண்டும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும், ஆக 24. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 15 போதும். நம் பகுதிக்கே உரிய இன்னொரு தொல்லை, சாம்பல். அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூசும் உப்புக்காற்றோடு சேர்ந்து தகட்டின்மேல் படிந்தால் துடைத்து எடுப்பதே பாடு. தகட்டைப் படுக்கையாக வைக்காமல் நன்றாகச் சாய்த்து வைத்தால் மழை கொஞ்சம் கழுவும், பறவையும் உட்காராது. செயற்கைக்கோள் கிடைக்காத நேரத்தில் மோடம் விடாமல் முயன்றுகொண்டே இருந்தால் பேட்டரியை உறிஞ்சிவிடும். ஒரு சுற்றில் இத்தனை முயற்சி, கிடைக்காவிட்டால் அடுத்த மணிக்கு என்று வரம்பு வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது மேசையில் உட்கார்ந்து முடிக்கக்கூடிய வேலை. இனிமேல் சொல்லப்போவதுதான் ஆள்களைக் களைக்கச் செய்வது.

எண்ணூர்த் தண்ணீர் உயிருள்ள தண்ணீர். இவ்வளவு கழிவு கலந்தும் அதில் ஓயாமல் ஏதோ ஒன்று முளைத்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் உணரிக்கு அது எமன். இரண்டு வாரம் விட்டால் வழவழவென்று பாசி. அதற்குப் பிறகு பாறையிலும் படகிலும் ஒட்டும் ஓட்டுயிரான கொட்டலசு ஒட்டும், ஆளிச் சிப்பி ஒட்டும், குழாய்ப் புழு கூடு கட்டும். கடத்துதிறன் அளக்கும் துளைக்குள் ஒரு கொட்டலசு உட்கார்ந்தால் உப்பு குறைந்துவிட்டதாகக் கருவி சொல்லும். ஆக்சிஜன் உணரியின் முகத்தில் பாசி படிந்தால் பகலில் ஆக்சிஜன் அதிகம், இரவில் மிகக் குறைவு என்று காட்டும். அது ஆற்றின் கதை இல்லை, அந்தப் பாசிப் படலத்தின் கதை. தூரத்தில் கணினி முன்னால் இருப்பவர் அதை நம்பிவிடுவார்.

இதற்கு என்ன செய்யலாம்? உணரியைச் சுற்றிச் செம்பு வலை கட்டினால் ஒட்டுவது குறையும். துடைப்பான் உள்ள உணரி வாங்க முடிந்தால் வாங்குங்கள், கலங்கல் அளப்பதற்கு அது கிட்டத்தட்ட கட்டாயம். மற்றபடி, ஆள் போய்க் கையால் சுத்தம் செய்வதற்கு மாற்றே கிடையாது. போகும்போது ஒரு முறை இருக்கிறது, அதை யார் வந்தாலும் சொல்லிக்கொடுக்கிறேன். படகை நிறுத்தியதும் துடைக்காமல் முதலில் கருவி காட்டுவதை எழுதிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் கையடக்க மீட்டரை இறக்கி அதையும் எழுத வேண்டும். பிறகு சுத்தம் செய்து, அதே தண்ணீரில் மறுபடி இரண்டையும் எழுத வேண்டும். துடைக்கும் முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் பாசியால் வந்த பிழை. துடைத்த பிறகும் மீட்டரோடு மிஞ்சும் வித்தியாசம் கருவியின் அளவீடே நாளாக நாளாக விலகிப்போனதால் வந்தது. இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் கடந்த வாரங்களின் எண்களைத் திருத்த முடியும். வெயிலில், சேற்றில், ஓதம் திரும்புவதற்குள் முடிக்கும் அவசரத்தில் துணியை எடுத்து முதலிலேயே துடைத்துவிடத் தோன்றும். அந்த நேரத்தில் நோட்டை எடுப்பவர்தான் நல்ல டெக்னீஷியன்.

பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. மின்னணுச் சாமான்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. ஆனால் கயிறு, மிதவை, கொக்கி, நங்கூரம் எல்லாம் காசிமேட்டில் வாங்குங்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு விற்கும் கடைக்காரருக்கு எது எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். சவுக்குக் கம்பைத் துளைப்புழு தின்றுவிடும், அதை நம்பிக் கருவியை மாட்டாதீர்கள். ஸ்டீல் என்றால் 316 வகை, 304 வேண்டாம். இரண்டு வேறு உலோகத்தை உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு இருக்க விடாதீர்கள்.

நீர்மட்டம் அளப்பது எல்லாவற்றிலும் எளிது என்று நினைப்பார்கள். மலிவானதும் அதுதான், நீண்ட நாள் உழைப்பதும் அதுதான். ஆனால் அடியில் வைக்கும் அழுத்த உணரி தண்ணீரின் எடையோடு காற்றின் எடையையும் சேர்த்துத்தான் அளக்கிறது. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறைந்தால் சுமார் 1 சென்டிமீட்டர் தண்ணீர் குறைந்தது போலக் காட்டும். புயல் சின்னம் நெருங்கி அழுத்தம் 30 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் 30 சென்டிமீட்டர் பொய். நம் கரையில் பெரிய ஓதத்துக்கே ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான் என்னும்போது அது சின்னப் பொய் இல்லை. இன்னொரு விஷயமும் உண்டு: காற்றழுத்தம் குறைந்தால் திறந்த கடலும் அதே கணக்கில், 1 ஹெக்டோபாஸ்கலுக்கு 1 சென்டிமீட்டர், உயரும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால், திருத்தாத உணரியில் கடல் அந்த அளவுக்கு உயர்ந்ததே தெரியாது. எந்த நாளுக்காகக் கருவி வைத்தோமோ அந்த நாளில் அது அமைதியாக இருக்கும். கரையில் மையப் பெட்டிக்குள் ஒரு காற்றழுத்தமானி வைத்துவிட்டால் தீர்ந்தது. விலை மிகக் குறைவு.

இந்த நீர்மட்டக் கணக்குதான் முகத்துவாரத்தைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தது. மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துகொண்டு வந்தால், உள்ளே கடல் தண்ணீர் ஏறுவது குறையும். வெளியே ஓதம் வழக்கம்போல ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இறங்கும். உள்ளே அந்த ஏற்றம் சுருங்கும், அதோடு உச்சம் வரும் நேரமும் தள்ளிப்போகும். வெளியே உள்ள அளவையும் உள்ளே உள்ள அளவையும் ஒரே தாளில் வரைந்தால், உள்கோடு நாளுக்கு நாள் தட்டையாகி வலப்பக்கம் நகர்வது கண்ணுக்குத் தெரியும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கக் காரணமும் இதுதான். மணிக்கொருமுறை அளந்தால் இந்தத் தாமதம் நழுவிவிடும். வரைபடத்தை எடுத்துக்கொண்டு முகத்துவாரக்குப்பத்தில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை.

"வாயி மூடிக்கினு வருது தம்பி. ஏத்தம் உள்ள ஏறல. இறால் குஞ்சு எப்படி உள்ள வரும்? இதத்தான் உன் பொட்டி சொல்லுதா?"

"அதேதான் அண்ணே சொல்லுது."

"அப்ப பேப்பர்ல போட்டுக் குடு. நாங்க சொன்னா எவன் கேக்குறான். மணலு எடுக்கணும்னு மனு எழுதறப்ப அத்தச் சேத்துக்கறோம்."

அவருக்குத் தெரியாத ஒன்றை எங்கள் கருவி சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வதை அலுவலக மேசையில் வைக்கக்கூடிய வடிவத்தில் சொன்னது. இந்த வேலைக்கு இதைவிடப் பெரிய பயன் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அன்றிலிருந்து எந்த அளவு எங்கே வேண்டும் என்பதை ஊரில் கேட்ட பிறகுதான் தீர்மானிக்கிறோம்.

அலையாத்திப் பக்கம் வைத்த தொகுதியின் இடம் இப்படித்தான் கிடைத்தது. ஆற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் அங்கே வருவார்கள். பறி என்ற பனையோலைக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையும் சேற்றில் இருக்கும். உடம்பு முழுக்கத் தண்ணீரில் இருக்கிறவர்கள் என்பதால் தண்ணீரின் மாற்றம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். "இந்த எல்லை வரைக்கும் சுடுதண்ணி வரும், அதுக்கு இந்தாண்ட வராது" என்று ஓர் அக்கா கையால் கோடு போட்டுக் காட்டினார். அனல்மின் நிலையத்தைக் குளிர்விக்கப் பயன்பட்டு வெளியே வரும் தண்ணீரைத்தான் சொன்னார். வெப்பம் ஏறினால் தண்ணீரால் ஆக்சிஜனைப் பிடித்து வைக்க முடியாது. 30 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு அதிகபட்சம் சுமார் 7.5 மில்லிகிராம் தாங்கும், கடல் தண்ணீர் சுமார் 6.2 தான். அதற்கும் மேலே சூடானால் இன்னும் குறையும். உணரியை அந்த எல்லைக்கு இரண்டு பக்கமும் வைத்து ஒப்பிடுவது என்ற யோசனையே அவர் போட்ட கோட்டிலிருந்து வந்ததுதான். கணினியில் உட்கார்ந்து இடம் குறித்திருந்தால் படகு போக வசதியான, எதையும் சொல்லாத ஓர் இடத்தில் போய் நட்டிருப்போம்.

மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்ததைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. படகு, வலை, அலையாத்தி வேர், நண்டு வளை எல்லாவற்றிலும் கறுப்புப் படலம். 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது வாளியால் எண்ணெய் அள்ளிய கரை இது, மறுபடியும் அதே நாற்றம். கருவி விஷயத்தில் சொல்ல வேண்டியது: சாதாரண உணரிகள் எதுவும் "எண்ணெய்" என்று சொல்லாது. அதற்குத் தனி ஒளிர்வு உணரி வேண்டும், விலையும் அதிகம், அதன் கண்ணாடியும் எண்ணெயில் மூடிக்கொள்ளும். மற்ற உணரிகளில் எண்ணெய் ஒரு விநோதமான அமைதியாகத் தெரியும். கலங்கல் ஒரேயடியாக ஏறி அங்கேயே நிற்கும், ஆக்சிஜன் கோடு ஓதத்துக்கும் பகலிரவுக்கும் அசையாமல் நேராக ஓடும். உயிருள்ள ஆற்றில் எந்தக் கோடும் நேராக ஓடாது. ஆகவே அளவு உச்சத்தைத் தாண்டினால் எச்சரிக்கை என்பதோடு, அளவு மாறாமலே இருந்தாலும் எச்சரிக்கை என்று நிரலில் எழுதி வையுங்கள். எச்சரிக்கை வந்ததும் ஆள் போய்ப் பார்க்க வேண்டும், தண்ணீர் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மாதிரிப் பாட்டில் இல்லாமல் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாட முடியாது.

இப்போது கரைக்கு வருகிறேன். இந்த ஊர்களில் அளவுக்கருவியோடு யார் வந்தாலும் சந்தேகம் வருவது இயல்பு. துறைமுகத்துக்கு, மின்நிலையத்துக்கு, குழாய்க்கு என்று அளந்துகொண்டு போனவர்கள் பின்னாலேயே இடம் போனதைப் பார்த்த மக்கள். அதனால் கருவியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் ஊர் நிர்வாகிகளிடம் போக வேண்டும். அதுவும் ஒருவரிடம் காதோடு காதாகச் சொன்னால் போதாது, பஞ்சாயத்தில் எல்லாரும் இருக்கும்போது சொல்ல வேண்டும். என்ன அளக்கிறோம், தகவல் யாருக்குப் போகும், யார் வேண்டுமானாலும் கேட்கலாமா, பணம் யார் கொடுக்கிறார்கள் என்ற நான்கு கேள்வியும் கட்டாயம் வரும். நான்குக்கும் நேரான பதில் கையில் இருக்க வேண்டும். பழவேற்காட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அங்கே பாடு முறை உண்டு. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பது முறை வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பாட்டின் நடுவே கம்பம் நட்டால் அன்றைக்கு முறை உள்ளவரின் வலை கிழியும், பிழைப்பு போகும். இடம் காட்டச் சொல்லிக் கேட்டால் அவர்களே காட்டுவார்கள்.

எங்கள் மையப் பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு சின்னத் திரை வைத்திருக்கிறோம். பொத்தானை அழுத்தினால் நீர்மட்டம், வெப்பம், உப்பு, ஆக்சிஜன் நான்கும் தமிழில் தெரியும். இதற்கான செலவு மோடத்தின் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. வலை சரிசெய்யும் கூடத்தில் ஒரு கரும்பலகையும் உண்டு. ஊரில் படித்த ஒரு பெண் தினமும் காலையில் எண்களை எழுதிப்போடுகிறார், அதற்கு மாதச் சம்பளம் திட்டத்திலிருந்து போகிறது. இந்தச் சம்பளத்தைத் திட்டச் செலவில் முதல் வரியாகப் போடுங்கள். மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று விட்டால் மிச்சமே இருக்காது. பலகை வந்த பிறகு எங்கள் பெட்டிகளுக்குக் காவல் தேவைப்படவில்லை. சூரியத் தகடும் பேட்டரியும் களவு போவது இந்த வேலையில் எல்லா இடத்திலும் உள்ள தலைவலி. ஆனால் பலகையில் எண் வராவிட்டால் "ஏன் இன்னிக்கு எழுதல?" என்று கேட்க நாலு பேர் இருக்கும் இடத்தில் பெட்டிமேல் யாரும் கை வைப்பதில்லை. மிதவை கயிறறுத்துக்கொண்டு போனால் கடலுக்குப் போனவர்களே கட்டி இழுத்து வந்து கொடுக்கிறார்கள்.

அந்தப் பலகையால் எண்களும் மேம்பட்டிருக்கின்றன. மேலே வெள்ளம் இறங்கி உப்பு குறைந்ததாகப் பலகை சொல்லும் நாளில், ஆற்றில் இறங்கியவர்கள் "இல்ல, தண்ணி கரிக்குது" என்று சொன்னால் உடனே உணரியைப் போய்ப் பார்க்கிறோம். பெரும்பாலும் கொட்டலசுதான். சர்வரில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பிழை கண்டுபிடிக்கும் நிரலும் இவ்வளவு சீக்கிரம் சொன்னதில்லை.

புரட்டாசி பிறந்ததும் நாங்கள் செய்யும் வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். பேட்டரிகளைக் கழற்றி முழுக்க ஏற்றி, பிறகு இறக்கிப் பார்த்து, தாங்காததை மாற்றுகிறோம். கேபிள் நுழையும் இடங்களைப் புதிதாக அடைத்து, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றுகிறோம். செல்போன் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, செயற்கைக்கோள் வழி தானாக எழுந்துகொள்கிறதா என்று ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்க்கிறோம். நீர்மட்டம் ஒரு மணி நேரத்தில் வேகமாக ஏறினால் ஆறு மணி நேரம் காத்திருக்காமல் உடனே செய்தி அனுப்பும் நிரலை, உணரியை வாளித் தண்ணீரில் இறக்கிச் சோதிக்கிறோம். வெள்ளம் கம்பத்தைத் தாண்டினாலும் ஆண்டெனா மூழ்காத உயரத்தில் இருக்கிறதா என்று, போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டுச் சுவரில் அடையாளம் பார்த்து அளக்கிறோம். கடைசியாக ஒவ்வொரு பெட்டியின் மேலும், அழியாத மையில், தமிழில் நான்கு விஷயம் எழுதுகிறோம்: இது என்ன, யாருடையது, மிதந்து வந்தால் எந்தக் குப்பத்தில் யாரிடம் சேர்ப்பது, உள்ளே எடுத்து விற்கும்படி ஒன்றும் இல்லை என்பது.